டேங்குக்கு நேர் கீழே குடியிருந்தும் மெஷினுக்குத் தண்ணீர் இல்லை: ஒரு குட்டி பூஸ்டர் பம்பும் எட்டு மாதமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாஷிங் மெஷினுக்கு வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்ட வாங்கிய இந்தப் பம்பு நல்ல பம்புதான். எட்டு மாதமாக ஓடுகிறது, ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் வாங்கிய முதல் பத்து நாளில் என்னைக் கேட்டிருந்தால் அரை கூடக் கொடுத்திருக்க மாட்டேன். அந்தப் பத்து நாள் கோபத்தில் முக்கால்வாசிக்குப் பம்பு பொறுப்பே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் பம்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

வீடு கோவை கணபதியில். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா, முதல் மாடியில் ஒரு குடும்பம், இரண்டாவது மாடியில் நாங்கள். எங்கள் தலைக்கு மேல் மொட்டைமாடி, அதில் மூன்றடி மேடை கட்டி ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்க் இரண்டு. ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கார்ப்பரேஷன் குழாயில் நாள் விட்டு நாள் விட்டு வருவது நல்ல தண்ணீர், போர்வெல்லில் இருந்து மோட்டார் போட்டு ஏற்றுவது உப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்க முன்னது. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் பின்னது. வாஷிங் மெஷினுக்கும் அதுதான்.

பழைய வீட்டில் தரைத்தளத்தில் இருந்தோம். அங்கே நாலு வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிய 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின் இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. திரையில் தண்ணீர் வரவில்லை என்பதற்கான குறி. எல்ஜி மெஷினாக இருந்தால் ஐ.இ. என்று வரும், சாம்சங்கில் 4சி என்று வரும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எழுத்து. எல்லாம் சொல்வது ஒன்றைத்தான்: நான் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் காத்திருந்தேன், டிரம்மில் தண்ணீர் தேவையான மட்டத்துக்கு வரவில்லை, நீயே வந்து பார்.

வந்து பார்த்தால் குழாய் திறந்துதான் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, நிதானமாக வருகிறது. மறுபடி பட்டனை அமுக்கினால் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஓடும், அலசுவதற்குப் போகும்போது திரும்பவும் நிற்கும். திரையில் ஒரு மணி எட்டு நிமிடம் என்று காட்டுகிற துவைப்பு இரண்டரை மணி நேரம் ஆகும், அதுவும் பக்கத்திலேயே ஒரு ஆள் நின்றால்தான். இது கூடப் பரவாயில்லை. பவுடர் போடுகிற டப்பாவைத் திறந்தால் பாதிப் பவுடர் ஈரமாகிக் களிமண் மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மேலிருந்து தண்ணீர் வேகமாகக் கொட்டினால்தானே பவுடரை அடித்துக்கொண்டு உள்ளே போகும், எங்கள் வீட்டில் அது சொட்டு மருந்து மாதிரி இறங்கியது. கரைந்ததும் கரையாததுமாகப் போன பவுடர் பையனுடைய கருநீல யூனிஃபார்ம் பேன்ட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அம்மா தாராபுரத்தில் இருந்து வந்திருந்தபோது இதை ஐந்து நிமிடம் பார்த்தார். "என்ன கண்ணு, தண்ணி பத்தலைன்னா ஊத்திட்டுப் போறது" என்று சொல்லி, பவுடர் டப்பாவை இழுத்து, ஒரு வாளியில் இருந்து மக்கால் மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதறியது. ஆனால் வேலை செய்தது! மெஷினுக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாது, டிரம்மில் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அழுத்தத்தை வைத்து ஒரு சென்சார் பார்க்கும், மட்டம் வந்துவிட்டால் அது பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும். மூன்று வாரம் இப்படித்தான் துவைத்தோம். முழு ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் ஒரு கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது.

சர்வீஸுக்குச் சொன்னோம். வந்தவர் இன்லெட் ஹோஸைக் கழற்றி, மெஷினின் பின்பக்க வாயில் இருக்கும் குட்டிச் சல்லடையை மூக்குப் பிளையரால் பிடித்து இழுத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், பிளாஸ்டிக். அதில் மணல், துருப்பொடி, யாரோ எப்போதோ குழாய்க்குச் சுற்றிய டெஃப்ளான் டேப்பின் நூல். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினார். ஒரு வாரம் கொஞ்சம் தேவலையாக இருந்தது. போகும்போது, "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க, பிரஷர்தான் இல்ல, பூஸ்டர் பம்பு வச்சுக்கங்க" என்று சொல்லி 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சல்லடையைக் கழற்றுவதை நாமே செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாயை மூடு, பிளக்கைப் பிடுங்கு, ஹோஸைத் திருகு, சல்லடையை இழு. பத்து நிமிட வேலை. உப்புத் தண்ணீர் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். வேறு எதுவும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எனக்கே ஒரு பெரிய குழப்பம் இருந்தது. டேங்க் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, தண்ணீர் முதலில் எங்களுக்குத்தானே வேகமாக வர வேண்டும்? நேர்மாறு. மேலே டேங்க் வைத்திருக்கும் வீட்டில் குழாயில் கிடைக்கும் அழுத்தம் என்பது டேங்கின் தண்ணீர் மட்டம் குழாயைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்கள் வீட்டில் டேங்க் மேடை மூன்றடி, எங்கள் தளத்தின் உயரம் பத்தரை அடி, மெஷினின் வால்வு தரையில் இருந்து மூன்றடி. கூட்டிக் கழித்தால் டேங்கின் அடியில் இருந்து வால்வு வரை பத்தரை அடிதான், மூன்றேகால் மீட்டர், அதாவது 0.3 பார் சொச்சம். டேங்க் நிறைந்திருந்தால் 0.4. குழாயில் வளைவு வளைவாக வரும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். கீழே ஓனர் அம்மாவுக்கு இன்னும் இருபது அடி கூடுதல், அவருக்கு ஒரு பார் பக்கம் கிடைக்கிறது. அவர் வீட்டுக் குழாயில் கை வைத்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும். எங்கள் புகார் அவருக்குப் புரியாததில் ஆச்சரியம் இல்லை.

மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால் 0.05 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்று இருந்தது. 0.05 மெகாபாஸ்கல் என்றால் அரை பார், ஐந்து மீட்டர் உயரம். சில கம்பெனிகள் 0.3 பார் போதும் என்கின்றன, சிலது ஒரு பார் கேட்கின்றன. ஃப்ரன்ட் லோட் வாங்கும்போது எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிற நாம் இந்த ஒரு எண்ணைக் கேட்பதே இல்லை, விற்பவரும் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் வால்வு சும்மா திறந்து மூடுகிற குழாய் இல்லை. அதில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது, மின்சாரம் ஒரு சின்ன ஓட்டையைத்தான் திறந்துவிடும், மீதி வேலையைத் தண்ணீரின் அழுத்தமே செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால் அரைகுறையாகத் திறக்கும். சில சமயம் சரியாக மூடவும் மூடாது, மெஷின் அணைந்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, பம்பு. காந்திபுரத்தில் ஒரு கடை. பம்பு வாங்கக் கோயமுத்தூரில் அலைய வேண்டுமா என்ன, நாட்டில் ஓடுகிற பம்பில் பாதி நம்ம ஊர்ப் பம்பு என்று கல்யாண வீட்டில் கூடப் பெருமை பேசுகிற ஊர் இது. கடைக்காரர் மூன்று சாமானை மேசை மேல் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் உடம்பு, அடாப்டரில் ஓடுவது, 1,700 ரூபாய். ஒன்று அரை ஹெச்.பி., பிரஷர் சுவிட்சோடு, ஒன்பதாயிரத்துக்கு மேல், வீடு முழுக்கப் போடலாம் என்றார். நடுவில் இருந்தது 120 வாட், வார்ப்பிரும்பு உடம்பு, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு, அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், 9 மீட்டர், பக்கவாட்டில் ஃப்ளோ சுவிட்ச், 5,200 ரூபாய். எங்கள் உயரத்தோடு ஒன்பது மீட்டர் சேர்ந்தால் ஒரு பாருக்கு மேல் போகும், மெஷினுக்கு அதுவே தாராளம். நடுவில் இருந்ததை எடுத்தேன்.

இந்த பிரஷர் சுவிட்ச், ஃப்ளோ சுவிட்ச் வித்தியாசத்தை வாங்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது, கடையில் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல மாட்டார்கள். பிரஷர் சுவிட்ச் என்றால் குழாயில் அழுத்தம் இறங்கியதும் மோட்டார் எழும்பும். குழாய் எங்காவது சொட்டினாலும் அழுத்தம் மெல்ல இறங்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கும். பழைய குழாய், வாஷர் தேய்ந்த டேப் இருக்கும் வீட்டில் தூக்கம் போய்விடும். ஃப்ளோ சுவிட்ச் அப்படி இல்லை, தண்ணீர் உள்ளே நகர்வதைப் பார்த்துத்தான் மோட்டாரைப் போடும், சொட்டுக்கெல்லாம் அசையாது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. நகர்கிற தண்ணீர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும். என் பம்பின் தாளில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று போட்டிருந்தது. என்னுடைய பத்து நாள் கோபம் முழுவதும் இந்த ஒன்றரை லிட்டரில்தான் மாட்டிக்கொண்டு இருந்தது.

பிளம்பர் வந்து மாட்டினார். பால்கனியில் மெஷின் குழாய்க்கு முன்னால், சுவரில் கிளாம்ப் அடித்து. உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்க வேண்டும், அதைச் சரியாக வைத்தார். மோட்டார் முகத்தை மட்டும் வானம் பார்க்க வைத்துவிட்டார். பெட்டியில் வந்த தாளில் அதற்குப் படம் போட்டுப் பெருக்கல் குறி அடித்திருந்தது. இந்த வகைப் பம்பில் பேரிங்குக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது, உள்ளே போகும் தண்ணீரே அதற்கு உயவு. அச்சு படுக்கைவாட்டில் இருந்தால்தான் தண்ணீர் முழுக்கச் சூழ்ந்திருக்கும், நிமிர்த்தி வைத்தால் மேலே காற்று தங்கி, பேரிங் காய்ந்து தேயும். "அக்கா, எப்படி வச்சாலும் ஓடுமுங்க" என்றார். படத்தைக் காட்டினேன். "அட, ஆமாங்க்கா" என்று சிரித்துக்கொண்டே திருப்பினார், நல்ல மனிதர்.

சுவிட்சை ஆட்டோவில் வைத்து மெஷினைப் போட்டோம். பம்பு எழும்பவே இல்லை. மெஷின் பழையபடி குறியைக் காட்டிக் கத்தியது. மேனுவலில் வைத்தால் ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம், தண்ணீர் கொஞ்சம் கூடுகிற மாதிரி இருந்து, அப்புறம் கரகரவென்று மாறி, தொட்டால் சூடு. அணைத்துவிட்டோம். அடுத்த நாள் கடைக்குப் போன் செய்தால், "லைன்ல தண்ணி வரணும்ங்க மேடம், பம்பு என்ன பண்ணும்" என்றார். நான் பம்பு வாங்கியதே தண்ணீர் வராததால்தானே! மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, தண்ணீர் பட்டதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். பத்து நாள் பம்பு சுவரில் சிலை மாதிரி இருந்தது, கீழே நான் வாளியும் மக்குமாக.

இந்த வாளிதான் கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டது. ஒரு நாள் 10 லிட்டர் பெயின்ட் வாளியை எடுத்து, மெஷின் குழாயை முழுக்கத் திறந்து, போனில் நேரம் பார்த்தேன். நிறைய நாலு நிமிடம் பத்து விநாடி. நிமிடத்துக்கு 2.4 லிட்டர். இது வெறும் குழாயில். மெஷினின் வால்வு வழியாகப் போனால் இதில் பாதி போனாலே அதிகம், ஃப்ளோ சுவிட்சுக்கு வேண்டிய ஒன்றரை லிட்டர் எங்கிருந்து வரும்? அதே வாளியை முதல் மாடியில் கேட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் நிமிடம். பத்தடி இறங்கினதற்கு இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூட வேண்டும், மூன்று மடங்குக்கு மேல் கூடினால் எங்கள் குழாயில் எங்கேயோ அடைப்பு என்று அர்த்தம்.

பிளம்பர் அண்ணனை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை நேராக மொட்டைமாடிக்கு. டேங்கில் இருந்து ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி இறக்கக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை கேட் வால்வு, சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கித் திறந்து மூடுகிற வகை. எங்களுடையதின் சிவப்புச் சக்கரத்தை அவர் சுற்றினார், சுற்றுகிறது, திறக்கிற பக்கமும் சுற்றுகிறது, மூடுகிற பக்கமும் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வால்வுக்குக் கீழே இருந்த யூனியனை, அதாவது திருகிப் பிரிக்கக்கூடிய குழாய் இணைப்பை, கழற்றினார். ஒரு இஞ்ச் குழாயில் இருந்து தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. "அக்கா, இங்கயே பாதி செத்துப்போச்சுங்க, கீழ நீங்க எத்தன பம்பு வச்சாலும் என்ன பிரயோசனம்" என்றார். பிறகு மாற்றும்போது கழற்றிய வால்வை உள்ளே பார்த்தோம். தண்டு தனியாக, தகடு தனியாக, தகடு முக்கால்வாசி இறங்கிய நிலையில் அப்படியே நிற்கிறது, அதைச் சுற்றி இட்லித் தட்டில் மாவு காய்ந்த மாதிரி வெள்ளையாக உப்பு. கேட் வால்வை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்புத் தண்ணீரில் இதுதான் கதி.

அதை மாற்ற டேங்கைக் காலி செய்ய வேண்டும். பாதி டேங்க் தண்ணீரை ஓடவிட ஓனர் அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஏம்மா, போர் எவ்வளவு நேரம் ஓடினா இவ்வளவு ஏறும் தெரியுமா?" அவர் சொல்வதும் நியாயம்தான், 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தண்ணீரை ஓடவிடப் பயப்படத்தான் செய்வார்கள். கடைசியில் மோட்டாரை ஒரு நாள் போடாமல் விட்டு, டேங்க் தானாகக் குறைந்த பிறகு, மீதியை வாளி வாளியாகச் செடிகளுக்கு எடுத்து ஊற்றி, உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும் ஒரு பித்தளை பால் வால்வு (ball valve), 620 ரூபாய், மாட்டினோம். பால் வால்வு கால் சுற்றில் திறக்கும், திறந்தால் முழுத் துளையும் திறக்கும், கைப்பிடி குழாயோடு ஒரே வாட்டத்தில் இருந்தால் திறந்திருக்கிறது என்று கீழிருந்தே தெரியும்.

வாளி சோதனை, பம்பு போடாமல்: ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அப்புறம் பம்பின் முன்னால் இருக்கும் அகலமான திருகைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே தங்கிய காற்று உஸ்ஸென்று போய்த் தண்ணீர் கசியும் வரை விட்டு, இறுக்கி, ஆட்டோவில் போட்டோம். குழாயைத் திறந்த உடனேயே ஒரு சின்ன டக், பிறகு தண்ணீர் வேறு சத்தத்தில் விழுந்தது. ஐம்பத்தைந்து விநாடி. நாலு நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடத்துக்குள்! அன்றைக்கு மெஷின் போட்ட துவைப்பு திரையில் காட்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக முடிந்தது, பவுடர் டப்பா கழுவி வைத்த மாதிரி இருந்தது.

இனி பம்பின் குணம். சத்தம் ஃப்ரிட்ஜ் அளவுக்குத்தான், ஆனால் மெஷின் தண்ணீரைத் தொடர்ச்சியாகப் பிடிக்காது, கொஞ்சம் பிடித்து நிறுத்தி, சுற்றி, மறுபடி கொஞ்சம் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் பம்பு டக்கென்று எழுந்து டக்கென்று அடங்கும். பகலில் கேட்காது. பால்கனிக்குப் பக்கத்து அறையில் படுப்பவருக்கு ராத்திரியில் கேட்கும். கரண்ட் செலவு கணக்கிலேயே வராது, ஒரு துவைப்புக்குப் பத்து நிமிடம் ஓடுகிறது என்றாலும் 120 வாட்டுக்கு 0.02 யூனிட். கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் அதன் வழியாகப் பழைய வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், குழாய் அடைபடாது, இது எனக்குப் பிடித்த விஷயம். பிடிக்காத விஷயம், மெஷின் தண்ணீர் பிடிக்கும்போது பாத்ரூம் குழாய் மெலிந்துவிடும். ஒரே இறக்கத்தில் வருகிற தண்ணீர், பம்பு இழுத்தால் இன்னொரு பக்கம் குறையத்தானே செய்யும். ஷாம்பூ தலையோடு உள்ளே இருந்து ஒருவர் கத்தினால் மெஷின் அலசுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டால் பம்பு எழவில்லை. ம்ம்ம் என்ற முனகல் மட்டும். கடைக்குப் போன் செய்தேன், ஒரு வருட வாரன்டி இருக்கிறதே என்று. "அது ஒண்ணுமில்லீங்க மேடம், உப்பு பிடிச்சு ரோட்டர் இறுகியிருக்கும். பிளக்கைப் புடுங்கிட்டு முன்னாடி ஸ்குரூவைக் கழட்டுங்க, உள்ள அச்சுல ஒரு காடி இருக்கும், ஸ்குரூ டிரைவர் வச்சு நாலு சுத்து சுத்துங்க" என்றார். அப்படியே செய்தேன். முதல் சுற்று மணல் அரைக்கிற மாதிரி நறநறவென்று இருந்தது, மூன்றாவது சுற்றில் இளகியது, மாட்டிப் போட்டதும் ஓடியது. இரண்டு நிமிட வேலை. பெட்டியில் வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஒன்றரை மதிப்பெண் குறைத்ததில் ஒன்று அதற்கு. மீதி அரை, ஒயரின் நீளத்துக்கு. ஒன்றேகால் மீட்டர் ஒயர் கொடுத்துத் தண்ணீர் புழங்குகிற இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட வைக்கிறார்கள், நான் எலக்ட்ரீஷியனை வைத்து மேலே ஒரு எர்த் உள்ள மூன்று முள் பாயின்ட் போட்டுக்கொண்டேன். இப்போது நாலு நாளுக்கு மேல் வெளியூர் போய் வந்தால் மெஷின் போடுவதற்கு முன்னால் பம்பை ஒரு நிமிடம் மேனுவலில் ஓடவிடுகிறேன், அப்புறம் இறுகவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் நாத்தனார் டிஷ்வாஷருக்கும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டாள். டிஷ்வாஷர் ஒரு கழுவலுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் பிடிக்கும், மெல்ல வந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும், குறி காட்டி நின்றால் மட்டும் யோசி, முதலில் வாளி வைத்துப் பார் என்றேன். அவள் வீட்டில் மூன்று நிமிடம். சல்லடையைக் கழுவியதோடு சரியாகிவிட்டது, பம்பு வாங்கவில்லை.

இனிமேல்தான் மெஷினே வாங்கப் போகிறீர்கள், கடைசி மாடி, டேங்க் மேடை தாழ்வு என்றால் டாப் லோடையும் பாருங்கள். விர்ல்பூல் போல சில கம்பெனிகள் 0.017 மெகாபாஸ்கலிலும் தண்ணீர் பிடிக்கும் என்று சொல்லியே டாப் லோட் விற்கிறார்கள், அது இரண்டு மீட்டர் உயரம் கூட இல்லை. ஃப்ரன்ட் லோட்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து படியுங்கள். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அம்மா சொன்ன மாதிரி ஊற்றிவிட்டுப் போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பம்பை டேங்கில் இருந்து வருகிற குழாயில்தான் மாட்ட வேண்டும், கார்ப்பரேஷன் குழாயில் நேரடியாக மாட்டித் தெருவின் தண்ணீரை உறிஞ்சக்கூடாது. பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவது தனி.

மொத்தச் செலவு, சர்வீஸ் 450, பம்பு 5,200, பால் வால்வு 620, பிளம்பருக்கு இரண்டு தடவையும் சேர்த்து 1,500, குழாய் சாமான் 340. முதலிலேயே வாளி வைத்துப் பார்த்து வால்வை மாற்றியிருந்தால் பம்பு இல்லாமலே ஓடியிருக்குமா என்று கேட்டால், பாதி நாள் ஓடியிருக்கும். டேங்க் நிறைந்திருக்கும் காலையில் மெஷின் பம்பு இல்லாமலும் கத்துவதில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் டேங்க் கால்வாசிக்கு இறங்கினால் இன்னமும் கத்துகிறது.

பால் வால்வின் காசை ஓனர் அம்மா வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார், முழு 620-ம். பம்பு எங்களுடையது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவதற்காக இரண்டு பக்கமும் யூனியன் போடச் சொல்லியிருக்கிறேன், நடுவில் இருக்கிற இடைவெளிக்கு அளவெடுத்து வெட்டிய ஒரு துண்டுக் குழாயும் மெஷினுக்குப் பின்னால் தயாராக இருக்கிறது.